மூணு வயர் டிபிஎஸ்: மாற்றுவதற்கு முன் மீட்டரை வையுங்கள்

#1 ஐந்துவோல்ட்

இந்த உரையாடல் இழை, ஆக்சிலேட்டர் கேபிள் நேராக த்ராட்டிலை (எஞ்சினுக்குக் காற்று போகும் வழியைத் திறந்து மூடும் தட்டை) இழுக்கும் எம்பிஎஃப்ஐ (இன்ஜெக்டர் வழியாகப் பெட்ரோலைப் பீய்ச்சும்) பெட்ரோல் கார்களுக்கானது. எஸ்டீம், ஜிப்சி கிங், பழைய ஆல்டோ, ஜென், ஆம்னி, முதல் சான்ட்ரோ வகையறா. எலக்ட்ரானிக் த்ராட்டில் வண்டிகளின் கதை வேறு. கேள்வி வந்தால் கீழே பேசலாம்.

டிபிஎஸ் (த்ராட்டில் பொசிஷன் சென்சார்) என்பது, த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்று சொல்லும், வால்யூம் கன்ட்ரோல் மாதிரியான ஒரு பொட்டன்ஷியோமீட்டர்தான். ஒரு வயரில் ஈசிஎம் (எஞ்சினை ஆளும் கணினி) 5 வோல்ட் அனுப்புகிறது, ஒரு வயர் எர்த், மூன்றாவது சிக்னல். த்ராட்டில் தண்டு சுழலும்போது உள்ளே ஒரு துடைப்பான் கார்பன் பட்டையின் மேல் நகர்ந்து, சிக்னல் வோல்ட்டை ஏற்றி இறக்குகிறது. எஸ்டீம், ஜிப்சி கிங்கில் இருக்கும் ஜி13பிபி எஞ்சினுக்கு சுசூகி கையேடு தரும் அளவு: த்ராட்டில் மூடியபோது 0.2 முதல் 1.0 வோல்ட், முழுதாகத் திறந்தபோது 2.8 முதல் 4.8 வோல்ட். கப்ளரை (வயர்களை சென்சாரோடு மாட்டும் இணைப்பியை) கழற்றிவிட்டு 5 வோல்ட் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் இடையே சென்சாரை ஓமில் பார்த்தால் 2.5 முதல் 6 கிலோஓம் வர வேண்டும். மற்ற வண்டிகளிலும் பெரும்பாலும் மூடியபோது அரை வோல்ட்டை ஒட்டியும், முழுத் திறப்பில் 4 முதல் 4.5 வரையும் இருக்கும்.

சோதிக்கும் முறை. சாவி ஆன், எஞ்சின் ஆஃப். கப்ளரை மாட்டியே வைத்துவிட்டு, அதன் பின்பக்க ரப்பர் வழியாக மெல்லிய குண்டூசியை வயரை ஒட்டி உள்ளே செலுத்துங்கள். இன்சுலேஷனைக் குத்தாதீர்கள். குத்திய ஓட்டை வழியாக ஈரம் ஏறி, ஒரு மழைக்காலத்தில் செம்பு பச்சை பிடித்துவிடும். வயர் நிறத்தை நம்பாமல் மூன்றையும் அளந்தே அடையாளம் காணுங்கள். மீட்டரின் கறுப்பு முனை பேட்டரி நெகட்டிவில் இருக்கட்டும்.

ஒன்றில் 4.9 முதல் 5.1 வரை நிலையாக வர வேண்டும். இன்னொன்று எர்த், அதில் 0.05 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நல்லது. 0.1 தாண்டினால் எர்த் பாதையில் எங்கோ துரு. அப்போது சென்சார் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் எண் தப்பாகத்தான் வரும். மீதி இருப்பது சிக்னல். அதில் முனையை வைத்து, த்ராட்டில் நெம்புகோலைக் கையால் மிக மெதுவாக, ஒரு முழுத் திறப்புக்கு 8, 10 வினாடி எடுத்துக்கொண்டு திறங்கள். எண் தடையின்றி ஏற வேண்டும். நடுவில் திடீரென்று 0 நோக்கி விழுந்தாலோ 5 நோக்கிக் குதித்தாலோ அந்த இடத்தில் கார்பன் போய்விட்டது என்று பொருள்.

பெரும்பாலும் தேய்வது மூடிய நிலையை ஒட்டிய பகுதியும் அதற்குக் கொஞ்சம் மேலே உள்ள பகுதியும்தான். நகரப் போக்குவரத்திலும் 60, 70 வேகத்திலும் வண்டி அங்கேதான் வாழ்கிறது. அதனால்தான் தேய்ந்த சென்சார் முழு மிதியில் ஒழுங்காக இழுத்து, லேசான மிதியில் மட்டும் ஜெர்க் அடிக்கும்.

#2 கோவைவயரிங்

நல்லா எழுதிருக்கீங்க. ஒண்ணு மட்டும் சேத்துக்கறேனுங்க. டிஜிட்டல் மீட்டர் வினாடிக்கு ரெண்டு, மூணு தடவைதான் எண்ணை மாத்தும். தேஞ்ச இடத்துல சிக்னல் சில மில்லி செகண்ட்தான் அறுபடும். மீட்டர் அதைக் காட்டவே காட்டாது. "மீட்டர்ல எல்லாம் சரியா வருது, ஆனா ஜெர்க் அடிக்குது"ன்னு சொல்றதுல பாதி இதுதானுங்க.

பழைய முள் மீட்டர் இருந்தா எடுங்க. முள் துடிச்சுக் காட்டிக் கொடுத்துரும். இல்லைன்னா டிஜிட்டல்ல மின் மேக்ஸ் (Min/Max, வந்ததுலயே குறைஞ்ச எண்ணையும் கூடின எண்ணையும் பதிஞ்சு வைக்கிற) பட்டன் இருக்கிற மாடல் வேணும். த்ராட்டிலை அஞ்சாறு தடவை மெதுவா ஏத்தி இறக்குங்க, அப்பறம் மின் எண்ணைப் பாருங்க. மூடின நிலையில 0.6 வர்ற வண்டியில மின் 0.1னு பதிஞ்சிருந்தா சென்சார் போச்சு. சின்ன ஆசிலோஸ்கோப் வச்சிருந்தா பேச்சே வேண்டாம், கோட்டுல பள்ளம் பள்ளமாத் தெரியும்.

குளிர்ல நல்லா இருந்துட்டு சூடானா மட்டும் கெடுற சென்சாரும் உண்டுங்க. ஹேர் டிரையரை ஒரு நிமிஷம் காட்டி, ஸ்க்ரூ டிரைவர் கைப்பிடியால லேசாத் தட்டிக்கிட்டே அளந்து பாருங்க.

#3 புதுஸ்பேனர்

சார், ஒரு சந்தேகம். ஈசிஎம் தகவலைப் படிக்கும் ப்ளூடூத் ஓபிடி கருவியை மாட்டி ஆப்பில் பார்த்தால், ஐட்லிங்கில் த்ராட்டில் 26 சதவீதம் என்று காட்டுகிறது. காலை எடுத்துவிட்டால் 0 தானே வர வேண்டும்? சிறிய கார், 3 வயர், கேபிள் த்ராட்டில். ஐட்லிங் 1400-க்குக் கீழே இறங்கவில்லை. மெக்கானிக் டிபிஎஸ் மாற்றச் சொல்கிறார். செக் எஞ்சின் லைட் எரியவில்லை.

#4 ஐந்துவோல்ட்

0 வராது. ஆப் காட்டுவது சிக்னல் வோல்ட்டை 5-ஆல் வகுத்த சதவீதம். 0.6 வோல்ட் என்றால் 12 சதவீதம். கால் படாமல் 10 முதல் 20 வரை காட்டினால் பயப்பட வேண்டாம். முழு மிதியில் 100 வராமல் 80, 85-ல் நிற்பதும் அதே கணக்கால்தான். இதைப் பார்த்துப் பயந்து நல்ல சென்சாரை மாற்றுபவர்கள் நிறைய.

ஆனால் உங்கள் 26 சதவீதம் என்பது 1.3 வோல்ட். அது அதிகம். த்ராட்டில் மூடவில்லை, அல்லது சென்சார் பொய் சொல்கிறது. எது என்று மீட்டர்தான் சொல்லும். #1-ல் உள்ளபடி மூன்று பின்னையும் அளந்து போடுங்கள். அதோடு நெம்புகோல் நிறுத்து ஸ்க்ரூவில் உட்காருகிறதா, ஆக்சிலேட்டர் கேபிளில் கொஞ்சமாவது தளர்வு இருக்கிறதா என்றும் பாருங்கள். கேபிள் இழுத்துக் கட்டியிருந்தால் காலை எடுத்தாலும் த்ராட்டில் திறந்தே இருக்கும்.

#5 ரிவர்ஸ்கியர்

இவ்வளவு மெனக்கெடுவானேன்? சென்சார் பக்கவாட்டில் சின்ன ஓட்டை போட்டு டபிள்யூடி 40 அடித்து, த்ராட்டிலை இருபது தடவை ஆட்டினால் ஜெர்க் போய்விடும். ஆயிரக்கணக்கில் செலவு மிச்சம்.

#6 கோவைவயரிங்

போகும்ங்க, ரெண்டு வாரத்துக்கு. பழைய ரேடியோ வால்யூம் கரகரன்னா ஸ்ப்ரே அடிக்கிற அதே வேலை. அழுக்கு இருந்தா போகும், தேஞ்ச கார்பன் ஸ்ப்ரேல திரும்பி வராதுங்க. போட்ட ஓட்டை வழியா தூசியும் தண்ணியும் போறது தனிக் கணக்கு.

#7 ஐந்துவோல்ட்

சேர்த்துக்கொள்கிறேன்: த்ராட்டில் பாடியை (த்ராட்டில் தட்டு இருக்கும் உலோகக் குழலை) சுத்தம் செய்கிறோம் என்று கார்புரேட்டர் கிளீனரை உள்ளே பீய்ச்சுவதும் சென்சாரைக் கொல்லும் வழிகளில் ஒன்று. திரவம் தண்டு வழியாகக் கசிந்து சென்சாருக்குள் போய், கார்பன் பட்டையின் மேலுள்ள படலத்தை அரிக்கும். த்ராட்டில் பாடிக்கென்று விற்கும் கிளீனரை, அதையும் துணியில் நனைத்துத் துடையுங்கள். சில பாடிகளில் தட்டின் ஓரத்தில் கறுப்பு மசகுப் பூச்சு கம்பெனியிலிருந்தே இருக்கும். அழுக்கு என்று அதைச் சுரண்டி எடுத்தால் ஐட்லிங் காற்றளவு மாறும்.

இன்னொரு எதிரி வாட்டர் வாஷ். பிரஷர் துப்பாக்கியை எஞ்சின் அறைக்குள் திருப்பினால், நீர் கப்ளரின் ரப்பர் உதட்டைத் தாண்டிவிடும். சென்னையின் 2015 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளை யாராவது மலிவாகத் தந்தால், முதலில் எல்லா கப்ளர்களையும் கழற்றிப் பின்களைப் பாருங்கள். பச்சைப் பொடி இருந்தால் வேலை நிறைய இருக்கிறது.

#8 புதுஸ்பேனர்

அளந்துவிட்டேன். 5 வோல்ட் பின்: 5.02. எர்த்: 0.03. சிக்னல், காலை எடுத்த நிலையில்: 1.32. முழுத் திறப்பில்: 4.41. கேபிளில் தளர்வு இருக்கிறது, நெம்புகோல் நிறுத்து ஸ்க்ரூவில்தான் உட்காருகிறது. ஸ்க்ரூவின் தலையில் மஞ்சள் பெயின்ட் இருந்த தடம் தெரிகிறது, ஆனால் உடைந்திருக்கிறது.

#9 ஐந்துவோல்ட்

பெயின்ட் உடைந்திருப்பதில்தான் விஷயம் இருக்கிறது. அது ஐட்லிங் ஸ்க்ரூ அல்ல. த்ராட்டில் தட்டு குழலின் சுவரில் சிக்கிக்கொள்ளாமல் தடுக்க, தொழிற்சாலையில் அளந்து வைத்துப் பெயின்ட் அடித்த நிறுத்து ஸ்க்ரூ. கார்புரேட்டர் காலத்துப் பழக்கத்தில் ஐட்லிங் ஏற்ற அதைத் திருகிவிடுகிறார்கள். த்ராட்டில் உண்மையிலேயே திறந்து நிற்கிறது. சென்சார் அதை நேர்மையாகச் சொல்கிறது.

இதன் விளைவு ஐட்லிங் ஏறுவது மட்டுமல்ல. மூடிய த்ராட்டில் என்று ஈசிஎம் நம்பாவிட்டால், ஐட்லிங் காற்று வால்வை அது சரியாக ஆளாது. இறக்கத்தில் காலை எடுத்து வரும்போது பெட்ரோலை நிறுத்தும் வேலையும் நடக்காது. மைலேஜ் குறையும், எஞ்சின் பிரேக் பிடிக்காது.

சரிசெய்ய: குழலையும் தட்டின் ஓரத்தையும் முதலில் சுத்தம் செய்யுங்கள். கரி இருக்கும்போது வைக்கும் அளவு பயன்படாது. நிறுத்து ஸ்க்ரூவின் பூட்டு நட்டைத் தளர்த்தி, ஸ்க்ரூ நெம்புகோலைத் தொடாத அளவுக்குப் பின்னால் எடுங்கள். இப்போது தட்டு முழுதாக மூடியிருக்கும். ஸ்க்ரூவை மெதுவாக உள்ளே திருகி, நெம்புகோலைத் தொடும் புள்ளியைக் கண்டுபிடியுங்கள். இடையில் ஒரு தாள் துண்டு வைத்தால் பிடிக்கும் கணம் தெரியும். அங்கிருந்து கால் சுற்று, அதிகம் போனால் அரைச் சுற்று. கையால் திறந்து மூடினால் எங்கும் ஒட்டக் கூடாது. நட்டைப் பூட்டுங்கள். பிறகு சிக்னலை அளந்து போடுங்கள்.

#10 ஸ்டெதஸ்கோப்

குறுக்கே வருகிறேன். நிறுத்து ஸ்க்ரூவை ஒருவர் காரணமில்லாமல் தொட மாட்டார். ஐட்லிங்கில் வண்டி அணைந்துபோயிருக்க வேண்டும், அதை மறைக்கத்தான் ஏற்றியிருப்பார். அந்தப் பழைய காரணம் இன்னும் உள்ளேதான் இருக்கும். ஸ்க்ரூவைப் பழைய இடத்துக்குக் கொண்டுவந்ததும் வண்டி டிராஃபிக் சிக்னலில் அணைந்தால் திகைக்க வேண்டாம்.

மூன்று சந்தேகங்கள்: கரி அடைத்த ஐட்லிங் காற்று வால்வு, கரி அடைத்த குழல், மூடிய நிலையில் தேய்ந்த டிபிஎஸ் பட்டை. மூன்றாவது தந்திரமானது. ஸ்க்ரூவை ஏற்றியதும் துடைப்பான் தேய்ந்த இடத்தைத் தாண்டி நல்ல கார்பனில் உட்கார்ந்துவிடும். அணைவது நின்றுவிடும். மெக்கானிக்கும் ஓனரும் திருப்தியாகப் போய்விடுவார்கள்.

#11 ஐந்துவோல்ட்

அருமையான குறிப்பு, நான் அந்தக் கோணத்தில் பார்க்கவில்லை. புதுஸ்பேனர், ஸ்க்ரூவை இறக்கிய பிறகு மின் மேக்ஸ் சோதனையை 0.5 முதல் 1.5 வோல்ட் வரையுள்ள பகுதியில் மட்டும் பலமுறை செய்யுங்கள்.

#12 கேஸ்கிட்

எல்பிஜி மாட்டிய ஆம்னிகளுக்கு ஒரு தனி எச்சரிக்கை. பழைய மிக்ஸர் வகை கிட்டில் ஸ்டெப்பர் கன்ட்ரோலர் (கேஸ் அளவை ஏற்றி இறக்கும் பெட்டி) இருந்தால், அது டிபிஎஸ் சிக்னல் வயரில் இருந்துதான் தகவல் எடுக்கும். மாட்டியவர் வயரைச் சுரண்டி, இன்னொரு வயரை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றியிருப்பார். எஞ்சின் சூட்டில் டேப் பசை உருகி, முறுக்கிய இடம் கறுத்து, ரெசிஸ்டன்ஸ் ஏறும். பெட்ரோலில் ஓடும்போது கிட்டுக்கு சப்ளை இல்லாவிட்டால், சில கன்ட்ரோலர்கள் சிக்னலைக் கீழே இழுக்கவும் செய்யும். கேஸில் நன்றாக ஓடி பெட்ரோலில் மட்டும் ஜெர்க் அடித்தால், சென்சாரைத் தொடும் முன் அந்த இணைப்பைப் பிரித்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். சரியானால், இணைப்பை ஈயம் வைத்துப் பற்றவைத்து, பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாய் போடுங்கள்.

#13 கோவைவயரிங்

ஈசிஎம்ல கோளாறு கோடு (code) பதிஞ்சு வந்த வண்டிக்கு ஒரு கணக்கு சொல்றேனுங்க. ஸ்கேனர்ல பி0122 வந்தா சிக்னல் ரொம்பக் கீழே. பி0123 வந்தா ரொம்ப மேல. பி0121 வந்தா எண் வருது, ஆனா மத்த சென்சாரோட ஒத்துப்போகலை. பி0124 விட்டு விட்டு அறுபடுது.

சென்சார் எர்த் அறுந்தா சிக்னல் 5-க்கு ஏறி பி0123 வரும். 5 வோல்ட் வயர் அறுந்தா பி0122. சிக்னல் வயரே அறுந்தா பெரும்பாலான ஈசிஎம்ல பி0122, சிலதுல பி0123.

கப்ளரைக் கழட்டி வயரிங் பக்கமா 5 வோல்ட் பின்னையும் சிக்னல் பின்னையும் ஒரு சின்ன வயரால பாலம் போடுங்க. ஸ்கேனர்ல த்ராட்டில் 100-ஐ ஒட்டிக் காட்டுச்சுன்னா அந்த ரெண்டு வயரும் ஈசிஎம்மும் நல்லா இருக்கு, எர்த்தும் சரியா இருந்தா சென்சார்தான் கோளாறு. காட்டலைன்னா சென்சார் வாங்க ஓடாதீங்க, வயரைத் தேடுங்க. ஆனா 5 வோல்ட்டை மறந்தும் எர்த்தோட சேத்துறாதீங்க.

5 வோல்ட் பின்னுல 5 வரவே இல்லையா? பக்கத்துல மேப் சென்சார் (எஞ்சினுக்குப் போற காத்தோட அழுத்தத்தை அளக்கிறது) கப்ளரைக் கழட்டிட்டுப் பாருங்க. ரெண்டுக்கும் ஈசிஎம் ஒரே 5 வோல்ட் குடுக்கிற வண்டி நிறைய. மேப் சென்சார் உள்ள ஷார்ட் ஆனா டிபிஎஸ்ஸும் சேந்து படுத்துரும்.

#14 ஸ்டெதஸ்கோப்

செல்ப் (ஸ்டார்ட்டர் மோட்டார்) நன்றாகச் சுற்றுகிறது, ஸ்பார்க் இருக்கிறது, பம்ப் ஓடுகிறது, ஆனால் எஞ்சின் பிடிக்கவில்லை. இதற்கும் டிபிஎஸ் காரணமாகலாம் என்று நிறையப் பேருக்குத் தெரியாது. பெட்ரோல் குடித்து மூழ்கிய எஞ்சினை உலர்த்த, முழு மிதியில் செல்ப் அடித்தால் இன்ஜெக்டரை நிறுத்திவிடும் ஏற்பாடு பல ஈசிஎம்களில் உண்டு. சென்சார் எர்த் அறுந்து சிக்னல் 5-ல் நின்றால், ஓட்டுநர் முழுதாக மிதிக்கிறார் என்று ஈசிஎம் நினைத்துக்கொள்ளும். பெட்ரோல் வராது. டிபிஎஸ் கப்ளரைக் கழற்றிவிட்டு செல்ப் அடித்துப் பாருங்கள். பிடித்தால் விடை கிடைத்தது. கழற்றிய நிலையில் ஈசிஎம் தன் மாற்றுக் கணக்கில் வண்டியை ஓட்டும், கராஜ் வரை போகலாம்.

#15 வடமராட்சிவிட்ஸ்

வணக்கம். இஞ்ச எங்கட பக்கம் டொயோட்டா விட்ஸும் அக்சியோவும்தான் கூட. எலக்ட்ரோனிக் த்ரோட்டில். இதில டிபிஎஸ்ஸைத் தனியாக் கழட்டி மாத்தலாமோ? ஒரு கராஜில ஏலும் எண்டினம், இன்னொண்டில முழு த்ரோட்டில் பொடியையும் (body) மாத்தச் சொல்லினம்.

#16 ஐந்துவோல்ட்

இரண்டாவது கராஜ் சொன்னதுதான் சரி. டொயோட்டாவின் எலக்ட்ரானிக் த்ராட்டிலில் மோட்டாரும் சென்சாரும் பாடியோடு ஒன்றாகத்தான் வரும். தனி ஸ்பேர் இல்லை. உள்ளே தொடாமல் வேலை செய்யும் ஹால் வகை சென்சார் இருப்பதால் கார்பன் தேய்மானமும் இல்லை. அதில் கோளாறு வந்தால் முதலில் கப்ளர், வயர், கரி இவற்றைச் சந்தேகியுங்கள்.

அதில் சிக்னல் இரண்டு. விடிஏ1 மூடியபோது 0.5 முதல் 1.1 வோல்ட், விடிஏ2 மூடியபோது 2.1 முதல் 3.1. மிதிக்க மிதிக்க இரண்டும் ஏறும். ஒன்றை வைத்து மற்றதை ஈசிஎம் சரிபார்க்கும். ஒத்துப்போகாவிட்டால் பி2135 கோடு, மோட்டாருக்கு மின்சாரம் நிற்கும், ஸ்பிரிங் த்ராட்டிலை ஏறக்குறைய 6 டிகிரியில் பிடித்துக்கொள்ளும். அப்போது வண்டி ஊர்ந்துதான் போகும். ஹூண்டாய், ஃபோக்ஸ்வாகன் பக்கம் ஏற்பாடு வேறு: ஒரு சிக்னல் ஏற மற்றது இறங்கும், கூட்டினால் எப்போதும் 5-ஐ ஒட்டி வரும். அளக்கும் முன் உங்கள் வண்டி எந்த வகை என்று தெரிந்துகொள்ளுங்கள். இறங்கும் சிக்னலைப் பார்த்து "சென்சார் தலைகீழ்" என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

சுத்தம் செய்யும்போது சாவி ஆனில் இருக்கக் கூடாது. தட்டை விரலால் தள்ளினால் மோட்டார் திருப்பி அடிக்கும், விரலும் போகும், பல்சக்கரமும் போகும். வேலை முடிந்ததும் ஐட்லிங் ஏறியிருந்தால் ஈஎஃப்ஐ, ஈடிசிஎஸ் ஃபியூஸ்கள் இரண்டையும் ஒரு நிமிடம் கழற்றி வைத்து மாட்டுங்கள். கரி படிந்த த்ராட்டிலுக்காகக் கற்றுவைத்த கணக்கை ஈசிஎம் மறந்துவிடும்.

#17 ஓரகடம்கியர்

நிசான் மைக்ரா, சன்னி வைத்திருப்பவர்களுக்கு ஃபியூஸ் கழற்றல் மட்டும் போதாது. த்ராட்டில் பாடியைத் தொட்டால் கற்பித்தல் வேலை உண்டு. மூடிய நிலை கற்பித்தல் எளிது: காலை எடுத்துவிட்டு சாவி ஆன் செய்து, பிறகு ஆஃப் செய்து 10 வினாடி காத்திருங்கள். அந்த 10 வினாடிக்குள் த்ராட்டில் அசையும் சத்தம் கேட்க வேண்டும்.

ஐட்லிங் காற்றளவு கற்பித்தலுக்கு எஞ்சின் சூடாக, 70 டிகிரிக்கு மேல் இருக்க வேண்டும். ஏசி, விளக்கு எல்லாம் ஆஃப். ஐட்லிங்கில் பேட்டரி 12.9 வோல்ட்டுக்கு மேல். எஞ்சினை அணைத்து 10 வினாடி. சாவி ஆன் செய்து 3 வினாடி. அடுத்த 5 வினாடிக்குள் ஆக்சிலேட்டரை 5 முறை முழுதாக மிதித்து விடுங்கள். 7 வினாடி காத்திருந்து, மறுபடி முழுதாக மிதித்துச் சுமார் 20 வினாடி பிடியுங்கள். செக் எஞ்சின் லைட் முதலில் மினுக்கி, பின் நிலையாக எரியும். எரிந்த 3 வினாடிக்குள் காலை எடுத்து ஸ்டார்ட் செய்து, 20 வினாடி ஓட விடுங்கள். கடிகாரம் இல்லாமல் இதைச் செய்தால் பத்தில் ஒன்பது தடவை தோற்கும். பக்கத்தில் ஒருவரை எண்ணச் சொல்லுங்கள்.

#18 டீசல்பிரியன்

என் வண்டி காமன் ரெயில் டீசல். மெக்கானிக் டிபிஎஸ் போச்சு என்கிறார். டீசலில் டிபிஎஸ் உண்டா?

#19 ஸ்டெதஸ்கோப்

அவர் சொல்வது ஆக்சிலேட்டர் பெடலில் உள்ள சென்சாராக இருக்கும். பேச்சு வழக்கில் அதையும் டிபிஎஸ் என்கிறார்கள். அதிலும் இரண்டு சிக்னல். பல வண்டிகளில் ஒன்று மற்றதில் சரிபாதி: காலை எடுத்தபோது 0.75-ஐ ஒட்டி ஒன்று, 0.37-ஐ ஒட்டி இன்னொன்று. மிதிக்கும் எல்லா நிலையிலும் அந்த விகிதம் மாறக் கூடாது. மாறினால் பி2138 போன்ற கோடு வந்து, எஞ்சின் 1200 சுற்றை ஒட்டி நின்றுகொண்டு பெடலுக்குக் கீழ்ப்படியாது. அது பெடலோடு சேர்த்து மாற்றும் ஸ்பேர். மாற்றும் முன் கால்மிதியைத் தூக்கி, பெடல் கப்ளரில் ஏசி தண்ணீர் சொட்டுகிறதா என்று பாருங்கள்.

#20 புதுஸ்பேனர்

ஸ்க்ரூவை இறக்கிவிட்டேன். மூடிய நிலை இப்போது 0.71. ஸ்டெதஸ்கோப் சொன்னபடியே, டிராஃபிக் சிக்னலில் நிற்கும்போது எஞ்சின் தடுமாறி அணைகிறது. ஐட்லிங் காற்று வால்வைக் கழற்றிச் சுத்தம் செய்தும் மாற்றமில்லை. மின் மேக்ஸ் சோதனையில் 0.71-க்கும் 1.2-க்கும் இடையில் ஆட்டியபோது மின் 0.08 என்று பதிந்தது. மூன்று தடவை செய்தேன், மூன்றிலும் 0.1-க்குக் கீழே. 1.3-க்கு மேல் எந்தத் துடிப்பும் இல்லை.

#21 ஸ்டெதஸ்கோப்

அப்படியானால் சென்சாரும் தேய்ந்திருக்கிறது, அதை மறைக்க ஸ்க்ரூவும் ஏற்றப்பட்டிருக்கிறது. உங்கள் மெக்கானிக் சொன்ன ஸ்பேர் சரி. ஆனால் ஸ்க்ரூவை இறக்காமல் புது சென்சார் மாட்டியிருந்தால் ஐட்லிங் அதே 1400-ல் நின்றிருக்கும்.

வாங்கும் முன் ஒரு சோதனை. த்ராட்டில் தண்டைப் பிடித்து மேலும் கீழும் ஆட்டுங்கள். கையில் தெரியும் அளவு ஆட்டம் இருந்தால் பாடியின் புஷ் (தண்டைத் தாங்கும் வளையம்) தேய்ந்துவிட்டது. அதில் புது சென்சார் மாட்டினாலும் சிக்னல் நடுங்கும், சீக்கிரம் தேயும்.

#22 ஐந்துவோல்ட்

தண்டு கெட்டியாக இருந்தால் மாற்றும் முறை இதோ.

எஞ்சின் ஆறியிருக்க வேண்டும். பேட்டரி நெகட்டிவைக் கழற்றி, காற்றுக் குழாயை எடுங்கள். சில த்ராட்டில் பாடிகளில் சென்சார் ஃபயர்வால் (எஞ்சின் அறைக்கும் பயணிகள் பகுதிக்கும் இடையிலுள்ள சுவர்) பக்கம் திரும்பி இருக்கும், ஸ்க்ரூ டிரைவர் நேராகப் போகாது. சாய்த்துப் பிடித்துத் திருகினால் தலை வழுக்கிவிடும். அப்படிப்பட்ட இடத்தில் பாடியையே கழற்றுவதுதான் வேகமான வழி. அதற்குப் புது கேஸ்கெட் வேண்டும், பாடிக்கு வரும் கூலன்ட் குழாய்களைக் கழற்றும்போது சில நூறு மில்லி ஒழுகும். பிறகு நிரப்ப மறக்காதீர்கள்.

ஸ்க்ரூக்கள் இரண்டு. ஜப்பான் வடிவமைப்பு வண்டிகளில் அவற்றின் தலை சாதாரண ஸ்டார் போலத் தெரியும், ஆனால் ஜேஐஎஸ் (ஜப்பானியத் தர) அளவு. சாதாரண பிலிப்ஸ் டிரைவர் அடிவரை உட்காராமல் மேலேறி வழுக்கும். ஜேஐஎஸ் 2-ஆம் எண் டிரைவர் வாங்குங்கள். தொழிற்சாலையில் பசை வைத்திருந்தால், சால்டரிங் அயர்ன் முனையை ஸ்க்ரூ தலையில் ஒரு நிமிடம் அழுத்திப் பிடியுங்கள், பசை இளகும். சுத்தியல் வேண்டாம், பாடி அலுமினிய வார்ப்பு. தலை வழுக்கியே விட்டால், சிறிய வைஸ் கிரிப்பால் தலையை வெளியிலிருந்து கவ்வித் திருப்புங்கள். பழைய ஹோண்டா சிட்டி போன்ற சிலவற்றில் தலை உடைந்துபோகும் வகை ஸ்க்ரூ போட்டிருப்பார்கள். கழற்றவே கூடாது என்பது கம்பெனியின் எண்ணம்.

கழற்றும் முன் பழைய சென்சார் நிற்கும் இடத்தில் பாடியோடு சேர்த்து ஒரு கோடு கீறிக்கொள்ளுங்கள். கழற்றிய பின் உள்ளே எண்ணெய் ஈரம் இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் தண்டு சீல் விட்டுவிட்டது, கிராங்க் கேஸ் ஆவி உள்ளே வருகிறது என்று பொருள்.

மாட்டும்போதுதான் பலர் உடைப்பது. ஸ்க்ரூ ஓட்டைகள் நேராக இருக்கும்படி சென்சாரைத் தண்டில் செருகாதீர்கள். ஓட்டைகள் கொஞ்சம் விலகி நிற்கும்படி சாய்த்துச் செருகி, கடிகாரச் சுற்றில் திருப்பி ஓட்டைகளை நேராக்க வேண்டும். சுசூகியில் திசை இதுதான். மற்றவற்றில் கழற்றும்போது எந்தப் பக்கம் தானாகத் திரும்பியதோ அதற்கு எதிர்ப்பக்கம். திருப்பும்போது ஸ்பிரிங் எதிர்ப்பு கையில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் சென்சாரின் நாக்கு (தண்டு பிடித்துச் சுழற்றும் பகுதி) தண்டின் தவறான பக்கம் உட்கார்ந்திருக்கிறது. அப்படியே ஸ்க்ரூ இறுக்கினால் முதல் மிதியிலேயே நாக்கு முறியும். ஓ ரிங் இருந்தால் புதிதாகப் போடுங்கள்.

இறுக்கம் 2 முதல் 2.5 நியூட்டன் மீட்டர்தான். டிரைவரை மூன்று விரலால் பிடித்து நின்ற இடத்தில் விட்டுவிடுங்கள். உள்ளங்கை போட்டு இறுக்கினால் பிளாஸ்டிக் காது கீறும். பூட்டுப் பசை பிளாஸ்டிக்கில் பட்டால் வெடிப்பு விடும், ஆகவே ஸ்க்ரூ நுனியில் ஒரு பொட்டுக்கு மேல் வேண்டாம்.

ஓட்டை நீள்வடிவமாக இருக்கும் வகை என்றால், ஸ்க்ரூவைப் பாதி இறுக்கி, கப்ளரையும் பேட்டரியையும் மாட்டி, சாவி ஆன் செய்து, கையேட்டில் உள்ள மூடிய நிலை வோல்ட் வரும் வரை சென்சாரைத் திருப்பி, பிறகு இறுக்குங்கள். வட்ட ஓட்டை என்றால் சரிசெய்ய ஒன்றுமில்லை. எண் வரவில்லை என்பதற்காக ஓட்டையை அரத்தால் பெரிதாக்காதீர்கள்.

#23 கோவைவயரிங்

கப்ளர் பின்னை கான்டாக்ட் கிளீனர்ல கழுவி, ரப்பர் உதட்டுல மட்டும் டைஎலக்ட்ரிக் கிரீஸ் லேசாத் தடவுங்க. உள்ள அள்ளி அடைச்சுறாதீங்க. பின் பிடிப்புத் தளர்வா இருக்கான்னும் பாருங்க. புது சென்சார் மாட்டினதும் கோளாறு போயிட்டு ஒரு மாசத்துல திரும்பி வந்தா, கப்ளரைக் கழட்டி மாட்டினதுல தற்காலிகமாச் சரியான லூஸ் பின்னாத்தான் இருக்குமுங்க.

சென்னை புதுப்பேட்டையில பழசு வாங்குறதா இருந்தா மீட்டரைக் கையில கொண்டு போங்க. ஓம்ல வச்சு, சிக்னல் பின்னுக்கும் எர்த் பின்னுக்கும் நடுவுல நாக்கை விரலால மெதுவாத் திருப்பிப் பாத்து, தாவாம ஏறுனா மட்டும் காசு குடுங்க.

#24 புதுஸ்பேனர்

மாட்டியாயிற்று. மூடிய நிலை 0.66, முழுத் திறப்பு 4.38. அது பெடலை மிதித்தே அளந்தது, நெம்புகோலைக் கையால் திறந்து அல்ல. மின் மேக்ஸ் சோதனையில் மின் 0.66-க்குக் கீழே போகவில்லை. ஆப்பில் ஐட்லிங்கில் 13 சதவீதம். ஐட்லிங் 820-க்கும் 870-க்கும் இடையில் நிற்கிறது, ஏசி போட்டால் அணையவில்லை. பழைய சென்சாரைத் தூக்கிப் போட்டுவிடலாமா?

#25 ஐந்துவோல்ட்

போடாதீர்கள். அதன் பின்மூடியை பிளேடால் கீறித் திறந்தால் கார்பன் பட்டை தெரியும். மூடிய நிலைக்குப் பக்கத்தில் மங்கிய கோடு இருக்க வேண்டும். படம் எடுத்து இங்கே போடுங்கள். நிறுத்து ஸ்க்ரூவின் நட்டு மேல் இரண்டு சொட்டு பெயின்ட் வைத்துவிடுங்கள், அடுத்து யாராவது திருகினால் தெரியும்.